முற்றத்து மீன்கடை

என் சின்னவனுக்கு நாலரை வயது. முன்பள்ளி விட்டு வந்ததும் முற்றத்தில் மீன்கடை போட்டுவிடுவான். மீன் என்பது திருகோணமலை டச்பே கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள்தான். ஹங்கரின் இரண்டு முனையிலும் சிரட்டை கட்டித் தராசு செய்து கொடுத்தது என் அம்மா. கலண்டர் தாளைக் கிழித்தால் காசு.

சந்தையில் பார்த்த மாதிரியே கூறு கூறாக வைப்பான். "கூறு நூறு ரூபா, வாங்கோ அக்கா!" வியாபாரம் என்று வந்தால் நான் அவனுக்கு அம்மா இல்லை.

ஒருநாள் இரண்டு கூறு, இரண்டிலும் ஐந்தைந்து சிப்பி. ஒன்றைக் குவித்து வைத்திருந்தான், மற்றதைப் பரத்தியிருந்தான். பரத்தினதுக்கு விலை கூட. "இதில நிறைய இருக்கு." எண்ணச் சொன்னேன். இரண்டையும் பிசகாமல் எண்ணினான். அப்புறமும் விலை இறங்கவில்லை! சுவிஸ் உளவியலாளர் பியாஜே இதையேதான் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்: ஆறேழு வயதுவரை பல பிள்ளைகளுக்கு, பரத்தி வைத்தால் கூட இருப்பதாகத்தான் தோன்றும். அதனால் நான் பேசாமல் இருந்தேன். அம்மா விடுவாரா? "மீன்காரத் தம்பி, ரெண்டு கூறையும் சோடி சோடியா வையும் பாப்பம்." சிப்பிக்கு நேரே சிப்பி வைத்துக்கொண்டே போனான். ஒன்றும் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விலை குறைந்திருந்த கூறின் விலையையும் கூட்டிவிட்டான்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை வந்தால் கணக்கு எக்க, தெக்க, துன என்று போகும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கீரைக்கடையும் இருந்தது, பூவரசம் இலையில். படலை திறந்து கிடந்த நேரம் ரோட்டில் திரிகிற மான் ஒன்று உள்ளே வந்து மொத்தச் சரக்கையும் தின்றுவிட்டது. கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. இவன் காசு கேட்டுப் படலைவரை துரத்தினான்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கடைச் சரக்காகச் சோகி, புளியங்கொட்டை வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். பெரிய சிப்பி போதும். குண்டுமணி எந்த வயதுக்கும் வேண்டாம், அது நஞ்சு.

"எப்பவும் விளையாட்டுத்தானா, கொப்பியில் எழுதப் பழக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவனே விலைப்பலகை வேண்டும் என்கிறான். 1 எழுதிவிட்டு, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் பலகை முடியும்வரை பூச்சியம் போடுகிறான். அந்த விலைக்கு அம்மாகூட மீன் வாங்குவதில்லை.