ஆக்டிவேஷன் எனர்ஜி: 'கடப்பாற்றல்' என்று சொல்லலாமா?

வணக்கம்.

வேதிவினை நடக்க மூலக்கூறுகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்தான் ஆக்டிவேஷன் எனர்ஜி. அதற்குக் 'கிளர்வு ஆற்றல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல் மாணவரை வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் என் கவலை.

கிளர்வு நிலை என்றாலே எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவிய நிலைதான் நினைவுக்கு வரும். வெறும் சூட்டால் நடக்கும் வினைகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. மூலக்கூறுகள் மோதுகின்றன, பிணைப்புகள் அதிர்ந்து நீள்கின்றன. நடுவே ஓர் ஆற்றல் மேடு; அதன் உயரம்தான் ஆக்டிவேஷன் எனர்ஜி. மேட்டைத் தாண்டினால் வினை. இல்லையென்றால் முட்டிவிட்டு வந்தபடியே விலகிப் போக வேண்டியதுதான்.

இந்த மேடு மனதில் பதியாவிட்டால் வெப்பநிலை செய்யும் வேலை புரியவே புரியாது. 25 பாகை செல்சியசிலிருந்து 35க்கு ஏற்றினால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூட உயராது. ஆனாலும், மேட்டின் உயரம் மோலுக்கு 53 கிலோஜூல் என்றால், வினைவேகம் இரு மடங்காகிவிடும். வெப்பநிலையையும் வினைவேகத்தையும் இணைத்து, ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889இல் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 25 பாகையில் ஏறத்தாழ 200 கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் மேடு தாண்டும் வலு இருக்கும். 35இல் 100 கோடிக்கு ஒன்று. '10 பாகைக்கு இரு மடங்கு' என்று மனப்பாடம் செய்வது எல்லா வினைக்கும் பொருந்தாததும் இதனால்தான். மேடு 100 கிலோஜூல் என்றால் அதே 10 பாகைக்கு ஏறக்குறைய 3.7 மடங்கு.

சரி, சொல்லுக்கு வருவோம். இலங்கையில் வழங்கும் 'ஏவற்சக்தி' அழகான சொல். ஆனால் ஏவுதல், வெளியிலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல் ஒலிக்கிறது. 'தூண்டாற்றல்' என்பதிலும் அதே சிக்கல், போதாததற்கு மின்காந்தத் தூண்டல் வேறு இருக்கிறது.

என் முன்மொழிவு கடப்பாற்றல். கடப்பதற்கு வேண்டிய ஆற்றல், அவ்வளவுதான். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'வினையூக்கி, கடப்பாற்றல் குறைவான வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது.' தடுக்கவில்லை. 'கடப்பாடு' என்ற சொல்லோடு குழம்புமோ என்று ஒருவர் கேட்கலாம். வேதியியல் பாடத்துக்குள் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. மேட்டின் உச்சியில் இருக்கும் அமைப்பைக் 'கடப்புநிலை' எனலாம். இப்போது அதற்கும் 'இடைநிலை', இரும்பு, செம்பு போன்ற இடைநிலைத் தனிமங்களுக்கும் 'இடைநிலை' என்று ஒரே சொல்லைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்தால் இரண்டு சொற்களையும் சேர்த்தே முடிவு செய்துவிடுவோம். வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள் என்ன சொல்கிறீர்கள்?