ஆச்சியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

பள்ளத்தூர்ப் பேத்தி:

மனோரமா ஆச்சி என்றதும் எல்லோரும் ஆயிரம் படம், கின்னஸ் சாதனை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. அந்த ஆயிரத்தில் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதை எங்கே, யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள், அப்போது என்ன நடந்தது என்று சொன்னால் ஆசையாகக் கேட்பேன். நானே முதலில் சொல்கிறேன்.

என் அம்மா பிறந்த ஊர் பள்ளத்தூர், காரைக்குடிப் பக்கம். ஆச்சி பிறந்தது மன்னார்குடியில், 1937 மே மாதம். அப்போது அவர் பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அவருடைய அம்மா ராமாமிர்தம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பிழைக்க வந்த இடம்தான் எங்கள் பள்ளத்தூர். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் மகளின் பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் நாடகம். மனோரமா என்பது நாடகக்காரர்கள் வைத்த பெயர். சுற்றுவட்டாரத்தில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்றால்தான் தெரியும்.

அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டுக்கு டிவி வந்த புதிதில், படம் போடும் நாளில் தெருவே முகப்புக்கு வந்துவிடும். ஒருநாள் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போட்டார்கள். 1986இல் விசு இயக்கி ஏவி.எம். எடுத்த படம். ஆச்சிக்கு அதில் வேலைக்காரி கண்ணம்மா வேடம். நடிகர் கிஷ்மு வாயைத் திறக்கும்போதெல்லாம் “கம்முன்னு கெட” என்று அவரை அடக்குவாரே, அந்த இடம் வந்தபோது கூடமே அதிர்ந்தது. ஆயா வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா எப்போதும் இரண்டாம் கட்டு வாசலில் நின்றுதான் எட்டிப் பார்ப்பார். அன்றைக்குக் கைகூடத் துடைக்காமல் உள்ளே வந்து, தூணோரம் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆயாவும் கூப்பிடவில்லை.

வீட்டு வேலை பார்த்த ஒரு தாயின் மகள்தான் அந்தக் கண்ணம்மாவாக நடித்தார் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பிறகு அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்த வீட்டில் யாரிடம் குரலை ஏற்றலாம், யாரிடம் இறக்க வேண்டும், எந்த இடத்தில் உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று கண்ணம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வசனம் விசுவுடையது. அளவறிந்து பேசும் இந்தப் பேச்சு ஆச்சியுடையது.

உங்கள் ஆச்சி எங்கே?

முத்துநகர் வாத்தியார்:

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. நான் தூத்துக்குடி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ 1967இல் வந்தபோது அரைக்கால் சட்டைப் பையன். அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூருக்குப் போனால் எங்களை வாயைத் திறக்கவிட மாட்டார்கள். ‘ஏலே’ என்றாலே சிரிப்பு, ‘வாரீயளா’ என்றால் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பு. சென்னையில் வேலை பார்த்த என் பெரியப்பா ஊருக்கு வந்தால்தான் வாய்விட்டுப் பேசுவார். அதனால் சினிமாவில் நம் பேச்சு வரப்போகிறது என்றதும் பெரியவர்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். கேலி பண்ணிவிடுவார்களோ என்று.

நாகேஷும் ஆச்சியும் ‘முத்துக்குளிக்க வாரீகளா’ என்று ஆட ஆரம்பித்ததும் தியேட்டரில் கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணதாசன் பாட்டு, எம்.எஸ்.வி. இசை, குரல் டி.எம்.எஸ்., எல்.ஆர். ஈஸ்வரி. பாடியது ஈஸ்வரி அம்மா என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது ஆச்சியின் தொண்டையிலிருந்தே வந்ததாக நம்பினேன். எங்கள் தெருப் பெண்கள் இடுப்பில் கை வைத்து ஆம்பளையை வம்புக்கு இழுக்கும்போது கழுத்து ஒரு மாதிரி திரும்பும். அந்தத் திருப்பம் அப்படியே இருந்தது. பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், “இந்தப் புள்ள நம்ம ஊருதாம்லே, எந்தத் தெருன்னு விசாரி” என்றார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

பேச்சைப் பிடிப்பது வேறு, பேசுகிறவரைப் பிடிப்பது வேறு. வட்டார வழக்கு பேசுகிற பல நடிகர்களிடம் நான்கு சொல் மட்டும் அந்த ஊருடையதாக இருக்கும். மூச்சு விடுவது, இழுப்பது, கோபத்தில் எந்தச் சொல்லை முழுங்குவது எல்லாம் அவரவர் ஊருடையதாகவே நிற்கும். ஆச்சியிடம் அது முழுசாக மாறிவிடும்.

ஆர்மோனியக்காரர் மகள்:

வாத்தியார் ஐயா சொன்ன அந்த ‘முழுசாக மாறுவது’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். நாயகனான ராஜபார்ட், நாயகியான ஸ்திரீபார்ட், கோமாளியான பபூன் மூன்று பேரும் வேறு வேறு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. எதிரே இருப்பவர் எதைப் பேசினாலும் காதால் வாங்கி, அதே சுருதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் எந்த ஊரோ அந்த ஊர்ப் பேச்சில் ஒரு போடு போட்டால்தான் தூங்குகிறவன் எழுந்திருப்பான். ஊருக்கு ஊர் இதைச் செய்து பழகியவர்களுக்குக் காது வேறு மாதிரி ஆகிவிடும் என்பார் அப்பா.

ஆச்சி இருந்த நாடக உலகம் இதிலிருந்து கொஞ்சம் வேறு. நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் நடத்திய எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் எழுதி வைத்த நாடகம், ஒத்திகை எல்லாம் உண்டு. ஆனால் மேடை மேடைதானே. அண்ணாவோடும் கலைஞரோடும் நாடக மேடையில் நடித்திருக்கிறார். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். மூவரோடும் சினிமாவில். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று சொல்வது இதைத்தான். 1958இல் கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் ஆக்கியது. ஆனாலும் அவர் காலூன்றியது நகைச்சுவையில்தான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கதாநாயகியாகவே போயிருந்தால் பத்து வருஷம் மரத்தைச் சுற்றி ஓடிவிட்டு ஓய்ந்திருப்பார்.

சரி, என் ஆச்சி. ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். புதுக்கோட்டையில் மறுபடி வெளியிட்டபோது அப்பா என்னைக் கூட்டிப்போனார். ஜில்ஜில் ரமாமணி வருகிற வரைக்கும் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், அவள் வந்ததும் கையை எடுத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரமாமணி ஒரு நாடகக்காரி. எங்கள் வீட்டுக்கு வந்து போகிற அத்தைமார்களும் அப்படித்தான் இருப்பார்கள். கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள், கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்கள், கும்பிடும்போது கூடுதலாகக் குனிவார்கள். ஊர் அவர்களை எப்படிப் பார்க்கும் என்று தெரிந்து, அதற்கு முன்னாடியே சிரித்து வைத்துவிடுகிற பழக்கம். நாயன வித்வான் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு அவள் ஒன்று கேட்பாள் இல்லையா, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று? தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் சொன்னார். “அவள் கேட்டதில் என்ன தப்பு? ஒவ்வொரு திருவிழாவுக்கும் நாயனம் கேட்டவள்தான். இப்படி ஒரு சத்தத்தை இப்போதுதான் முதல்தடவை கேட்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு ராகம் பேர் தெரியாது. தெரிந்ததை வைத்துக் கேட்டாள்.” அப்புறம் டீயைக் குடித்துவிட்டு, “வித்வான் வாயால் ஆயிரம் சபாஷ் வாங்கினாலும் இது வராது” என்றார்.

அந்தக் காட்சியில் எதிரே சண்முகசுந்தரமாக இருப்பது சிவாஜி. ரமாமணி ஒரு நொடி கூடுதலாகக் கோமாளித்தனம் பண்ணியிருந்தால் சண்முகசுந்தரத்தின் கௌரவம் போயிருக்கும். ஒரு நொடி குறைத்திருந்தால் காட்சி படுத்திருக்கும். அந்த வெகுளித்தனத்தை ஆச்சி உண்மையாகவே நம்பி நடித்தார். நாடகக்காரப் பெண்களைப் படத்துக்குப் படம் மட்டமாகக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் ரமாமணி நல்ல மனசுக்காரியாக, மரியாதைக்கு உரியவளாக வந்து போனாள். எங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரியாது.

கோபிக்காரன்:

எல்லோரும் அவரவர் ஊர்க்காரி என்கிறீர்கள். எங்கள் கொங்கு நாட்டை விட்டுவிட்டால் எப்படிங்க? ‘சின்னக் கவுண்டர்’, 1992. விஜயகாந்துக்கு ஆத்தாவாக, முன்னால் துருத்திய பல் வைத்துக்கொண்டு வருவார். எங்கள் பாட்டி படம் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதே பேச்சாகவே இருந்தார். வேறு ஒன்றும் இல்லை, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

மாம்பலம் மணி:

நான் பிறந்து வளர்ந்தது சென்னை. ஆச்சி போன மறுநாள் தி.நகரில் அவர் வீட்டுப் பக்கம் நின்றவர்களில் நானும் ஒருவன். 2015 அக்டோபர் 10ஆம் தேதி ராத்திரி செய்தி வந்தது. மறுநாள் ஞாயிறு. தெருவில் கால் வைக்க இடமில்லை. நட்சத்திரங்களின் கார் வரும்போதெல்லாம் ஒரு தள்ளுமுள்ளு. ஆனால் கூட்டத்தில் பாதி அவர்களைப் பார்க்க வந்ததில்லை.

எனக்கு முன்னால் பூ விற்கிற அம்மா ஒருவர், கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் உசிலம்பட்டியிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒரு பெரியம்மா. எங்க பக்கத்துப் பொம்பளை மாதிரியே பேசும் என்று பெரியம்மா ஆரம்பிக்க, பூக்கார அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னா பெரிம்மா, ‘வா வாத்யாரே வூட்டாண்ட’ யாரு பாட்னதுன்றே? அது மெட்ராஸு” என்றார். ‘பொம்மலாட்டம்’ படத்தில் ஆச்சி சொந்தக் குரலில் பாடியது அது, 1968இல். சென்னைத் தமிழை அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். இங்கே குடிசையில் பிறந்தவர்கள்கூடக் குறை சொல்லாத ஒரே குரல் அவருடையது என்பேன். ‘மே மாதம்’ படத்தில் ரகுமான் இசையில் ‘மெட்ராசை சுத்திப் பாக்கப் போறேன்’ பாட்டிலும் அந்தக் குரல் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம், பேச்சு மாறவில்லை.

இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது பெரியம்மாவின் கையைப் பிடித்து முன்னால் அனுப்பியது பூக்கார அம்மாதான்.

இருபது ப்ளஸ்:

நான் இங்கே இருப்பவர்களில் சின்னவன். எனக்கு ஆச்சி என்றால் போனில் வரும் துண்டு வீடியோ. ‘நடிகன்’ படத்தில் பேபியம்மாவாக வெட்கப்படும் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. போன மாதம்தான் முழுப் படமும் பார்த்தேன். கிழவன் வேஷம் போட்ட சத்யராஜை அந்த அம்மா உண்மையாகவே விரும்புகிறார். துண்டு வீடியோவில் அது வெறும் காமெடி. முழுப் படத்தில் ஏமாறப்போகிறாரே என்று எனக்குக் கஷ்டமாகிவிட்டது. இதை என் நண்பர்களிடம் சொன்னால் காமெடிப் படத்துக்கு இவ்வளவு யோசிக்காதே என்கிறார்கள். இப்படி வேறு எந்தப் படங்களை முழுதாகப் பார்க்க வேண்டும்?

பள்ளத்தூர்ப் பேத்தி:

தம்பி, நீங்கள் யோசித்தது சரிதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் ஆசைப்படுவதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டலாம், ஆனால் அந்த ஆசையைப் பொய்யாக நடிக்கக் கூடாது என்பதில் ஆச்சி பிடிவாதமாக இருந்ததாக எனக்கும் தோன்றும்.

முதலில் ‘புதிய பாதை’ பாருங்கள். பார்த்திபனின் முதல் படம், 1989. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது ஆச்சிக்குக் கிடைத்தது இதற்குத்தான். பத்மஸ்ரீ எல்லாம் 2002இல்தான் வந்தது. அடுத்து ‘சின்ன தம்பி’. பாட்டுக்காகவும் குஷ்புவுக்காகவும் எல்லோரும் பேசுகிற படம். விதவைத் தாயாக வருகிற ஆச்சியை, குஷ்புவின் அண்ணன்மார்கள் படுத்துகிற பாட்டைப் பார்க்கும்போது என் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார், இப்போதும். நீங்கள் பேபியம்மாவைப் பார்த்த கையோடு இதைப் பாருங்கள். இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு வருஷம்தான் இடைவெளி. இரண்டுமே பி. வாசு இயக்கியவை.

ஆர்மோனியக்காரர் மகள் அக்கா, உங்கள் அப்பாவின் நாடகக் கதைகள் இன்னும் இருந்தால் எழுதுங்கள். தூத்துக்குடி ஐயாவிடமும் ஒரு கேள்வி பாக்கி: பெரியப்பா கடைசியில் எந்தத் தெரு என்று விசாரித்தாரா?