தொப்பை ஆபரேஷனும் சிகரெட்டும்: பார்த்தவர்கள் சொல்வது

கும்பகோணம், சர்ஜரி வார்டு நர்ஸ்

தொப்பைத் தோலைக் குறைக்கும் ஆபரேஷனில் அடிவயிற்றைக் குறுக்கே கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்குவார்கள். உபரியை வெட்டிவிட்டு மீதியைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். அடியிலிருந்து வந்த ரத்தக்குழாய்கள் பல அறுந்துபோவதால், பக்கவாட்டில் வரும் சன்னமான குழாய்களை நம்பித்தான் அந்தத் தோல் பிழைக்கணும். நிகோடின் சுருக்குவது அவற்றைத்தான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வேறு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தையலின் நடுப்பகுதி கடைமடை வயல் மாதிரி. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

கட்டுப் பிரிக்கும்போது தையலோரத்தை விரலால் அழுத்திப் பார்ப்போம். வெளுத்து, சுமார் 2 வினாடிக்குள் நிறம் திரும்பணும். தாமதமானாலோ, நாவல்பழத் தோல் போலக் கருநீலம் ஓடியிருந்தாலோ உடனே சர்ஜனுக்குத் தகவல் போகும். கறுத்துக் காய்ந்துவிட்ட தோலை வெட்டித்தான் எடுக்கணும். பிறகு புண் ஆற வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். முகத்தோலை இழுத்துத் தைக்கும்போது காதுக்குப் பின்னாலும், மார்பகத்தைச் சிறிதாக்கும்போது காம்பைச் சுற்றியும் இதே பயம் உண்டு.

மயிலாடுதுறை, மயக்க மருந்து டெக்னீஷியன்

"முந்தாநாளே விட்டுட்டேன்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் போய்விடும், அது மட்டும் லாபம். குழாய்களும் நுரையீரலும் தேற வாரங்கள் ஆகும். அதனால்தான் பொதுவாக முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம் என்கிறார்கள். தை பிறந்ததும் ஆபரேஷன் என்றால் கார்த்திகை முடிவதற்குள் நிறுத்தணும், தை முழுக்கத் தொடக்கூடாது. தேதி தள்ளிப்போனால் போகட்டும். இது அவசர ஆபரேஷன் இல்லையே.

சளியோடு இருமினால் புதுத் தையல் இழுபடும், உள்ளே ரத்தம் கட்டும். கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்பதை மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில சர்ஜன்கள் சிறுநீரில் கோட்டினின் டெஸ்ட் எழுதுவார்கள். உடம்பு நிகோடினை மாற்றி வைக்கும் பொருள் அது. விட்டுப் பல நாள் கழித்தும் காட்டும்.

தஞ்சாவூர், மெடிக்கல் ஷாப்

நிகோடின் சூயிங்கமும் பேட்ச்சும் கோட்டினின் டெஸ்ட்டில் பாசிட்டிவ் காட்டும். புகையைவிடக் கெடுதல் குறைவுதான், ஆனாலும் தோலைப் பிரிக்கும் ஆபரேஷனுக்குப் பல சர்ஜன்கள் இவற்றையும் ஒப்புக்கொள்வதில்லை. சர்ஜனைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிகோடின் இல்லாத மாத்திரை வேண்டுமென்றால் வரெனிக்லின். டாக்டர் சீட்டு வேண்டும். வழக்கமாக முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒருவேளை, 4 முதல் 7 வரை இருவேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை; 8-ஆம் நாள் சிகரெட்டை நிறுத்துவது. ஆகவே ஆபரேஷனுக்கு 5 வாரம் முன்பே தொடங்கணும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு போடுங்கள். இன்னொன்று புப்ரோபியான். வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது.

திருவாரூர், புகையிலை நிறுத்த ஆலோசகர்

நம் பக்கத்தில் பெரிதாகக் கோட்டை விடுவது வெற்றிலைப் பெட்டியில். சிகரெட்டை விட்டுவிட்டுச் சீவலோடு பன்னீர்ப் புகையிலையைக் கொடுப்பில் அடக்கிக்கொள்கிறார்கள். புகை இல்லையே தவிர நிகோடின் அதே நிகோடின், கன்னத்தின் உள்தோல் வழியாக நேராக ரத்தத்துக்குப் போகிறது. "புகை பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்பதோடு நிற்காமல், "போயிலை போடுவேன்" என்பதையும் சொல்லுங்கள்.

முதல் 3 நாள்தான் கடினம். தவிப்பு வந்தால் சில நிமிடத்தில் தணியும். அதுவரை கையும் வாயும் சும்மா இருக்கக்கூடாது. சோம்போ ஏலக்காயோ மடியில் இருக்கட்டும். பெட்டிக்கடையில் புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றைப் பார்த்தாலே கை பரபரக்கும். அந்த ஒரு மாதம் டீ வீட்டிலேயே குடியுங்கள். 1800-11-2356 கட்டணமில்லாத எண், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. தமிழிலும் பேசலாம். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் பீடி பிடிப்பவரானால், வீட்டுக்குள்ளே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.