ஜிடிஐ கைக்கு எட்டலே. நியோ சிபிஎஸ்ஸை டிராக்குக்குத் தயார் பண்ணலாமா?

கேரித்தீவு_குமரன்:
பந்திங் வட்டாரத்துல துரு பிடிக்காத, மோதாத புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கண்ணுல படுறதே அபூர்வமாயிடுச்சு. ஆனா 2009-ல வந்த சத்ரியா நியோ சிபிஎஸ் மேனுவலை யாரும் சீண்டுறதில்ல. சிபிஎஸ்ங்கிறது வேகம் ஏறினா கேம் மாறி வால்வை உயரமாத் திறக்கிற அமைப்பு. 1.6 லிட்டர், 6500 ஆர்பிஎம்ல 125 குதிரைத்திறன், லோட்டஸ் கைபட்ட சஸ்பென்ஷன். செப்பாங் டிராக் நாள்ல 402 மீட்டர், அதாவது கால் மைல் ஓட இதுவே நல்ல அடித்தளம்ங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

4ஜி93_வேலு:
தம்பி, முதல்ல கணக்கு. ஓட்டுறவரையும் சேர்த்து மொத்த எடையைக் கிலோவுல எடு, குதிரைத்திறனால வகு, கனமூலம் எடு, 7.58-ஆல பெருக்கு. 402 மீட்டருக்கு ஆகிற விநாடி உத்தேசமா வந்துடும். நியோ 1250 கிலோன்னு வெச்சா, வகுத்தா 10, கனமூலம் 2.154, விடை 16.3. ஜிடிஐ 1150 கிலோ, 138 குதிரை, விடை 15.4. அந்த வேகத்துல ஒரு விநாடிங்கிறது ஏறக்குறைய ஒன்பது கார் நீளம். 1834 சிசிக்கு எதிரா 1597 சிசியை நிறுத்தி, அந்த இடைவெளியை அடைக்கிறதுக்கே உன் காசு பூராவும் போயிடும். இன்னொண்ணு, ஜிடிஐல இருக்கிற 4ஜி93 என்ஜின் குடும்பத்துல மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் காரோட டர்போ என்ஜின் ஒண்ணு இருக்கு. கெடாய் போத்தோங்ல, அதான் பழைய கார் பாகம் கழட்டி விக்கிற கடையில கேட்டா, மேனிஃபோல்டுலேருந்து பிஸ்டன் வரைக்கும் கிடைக்கும். நியோவுக்கு அப்படி ஒரு வழி இருக்கா?

கேரித்தீவு_குமரன்:
இருக்குண்ணே, பிறகு வர்றேன். முதல்ல எடை. உதிரிச் சக்கரம், ஜாக்கி, பின்னிருக்கை, கால் டேங்க் பெட்ரோல்னு 60 கிலோ இறக்கினா அதே கணக்குல 16.1 வருது. குறைச்சது எல்லாம் பின்பக்கத்துலேருந்துங்கிறதால முன்சக்கரத்துக்குப் போற எடை விகிதம் கூடுது, முன்சக்கர இழுவைக்கு அது கூடுதல் லாபம். 2011 ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை அலிஸ்டர் மெக்ரே நியோவுலதான் எடுத்தார். இந்த உடல்கட்டைக் குறை சொல்ல இடமே இல்ல.

குவாட்டர்மைல்_கலா:
குமரன், அந்த ரேலி காரை இந்த வாதத்துக்குள் கொண்டுவராதீங்க. அது எஸ்2000 வகை: 2 லிட்டர் என்ஜின், நான்கு சக்கர இழுவை. சிபிஎஸ்ஸோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வேலு அண்ணன் கணக்கு சரிதான். ஆனால் அது கார் நன்றாகக் கிளம்பினால் வரும் நேரம். முன்சக்கர இழுவைக் காரில் தோல்வி முதல் 18 மீட்டரிலேயே முடிவாகிவிடும். அங்கே 0.1 விநாடி இழந்தால் கடைசிக் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தெரியும். கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது, முன்டயர் தூக்கலாகிறது, சுழல்கிறது. அதனால் பின்ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள். பின்டயருக்குக் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ, முன்னால் செமி-ஸ்லிக் (பிடிப்பு அதிகமான டிராக் டயர்) போட்டு 24-இல் தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றிரண்டு மாற்றிப் பாருங்கள். என்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தால் சக்கரம் துள்ளும். அந்தத் துள்ளல்தான் டிரைவ் ஷாஃப்டை முறிக்கிறது. மவுண்டைப் பார்க்காமல் எல்எஸ்டிக்கு (ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) காசு கொடுக்க வேண்டாம். 4000 ஆர்பிஎம்மில் கிளம்பிச் சுழன்றால் 500 குறையுங்கள், என்ஜின் திணறினால் 500 கூட்டுங்கள்.

சக்கர அளவும் முக்கியம். 195/50ஆர்15 டயரின் விட்டம் 576 மில்லிமீட்டர், 205/45ஆர்17 போட்டால் 616. கியரை ஏறக்குறைய ஏழு விழுக்காடு நீட்டியதற்குச் சமம். 125 குதிரையை வைத்துக்கொண்டு அழகுக்காக அதைச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மோரிப்_மணி:
எதுக்கு செப்பாங்? ராத்திரி தோட்டத்துச் சடக்கு காலியாத்தானே கிடக்கு. நேரா, நீளமா. அங்கேயே நேரம் எடுத்துப் பார்த்துடலாமே.

குவாட்டர்மைல்_கலா:
மணி, கூடாது. இந்தக் கார் 402 மீட்டரைச் சுமார் 134 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும், அதாவது விநாடிக்கு 37 மீட்டர். நல்ல தாரில் சுதாரிக்கும் தூரத்தையும் சேர்த்து நிற்க 140 மீட்டர் ஆகும். தோட்டச் சடக்கில் செம்மண் தூசி, குலை லாரி ஒழுகவிட்ட எண்ணெய், சிந்திக் கிடக்கும் செம்பனைப் பழம். அங்கே 200 மீட்டருக்கு மேல் வேண்டும். இருபுறமும் வாய்க்கால், அதை ஒட்டிச் செம்பனை மரம். விளக்கில்லாத மோட்டார் சைக்கிளில் மில் வேலை முடிந்து வருகிறவர் எந்தச் சந்திலிருந்தும் திரும்பலாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு அனுமதியில்லாத பந்தயத்தைத் தடுக்கிறது. அதைவிட, அந்தச் சடக்கில் எடுத்த நேரம் எதற்கும் உதவாது: தளம் சமமில்லை, பிடிப்பு இல்லை, அளவுக்கருவியும் இல்லை.

போமன்_பாலன்:
கலா அக்கா சொன்னதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல. நான் என்ஜினுக்கு வர்றேன். குமரன், காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி அந்த கார்ல சிபிஎஸ் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாருங்க. நியோல 4400 ஆர்பிஎம்ல கேம் மாறணும். டாப்பெட்டுக்குள்ள இருக்கிற பின்னைத் தள்ளிப் பூட்டுறது எண்ணெய் அழுத்தம். எண்ணெய் மாத்தாம இழுத்தடிச்ச கார்ல, அந்த எண்ணெயைத் திறந்துவிடுற மின்வால்வான சோலினாய்டுல கசடு அடைச்சுக்கும், கேமோட உயரமான மேடு (லோப்) பிடிக்காது, 4400-க்கு மேல இழுவை செத்துப்போகும். ரெண்டாம் கியர்ல 3000-லேருந்து முழு மிதி கொடுங்க. 4400 தாண்டுறப்போ சத்தமும் இழுவையும் சேர்ந்து மாறணும். மாறலேன்னா சோலினாய்டைக் கழட்டி 12 வோல்ட் கொடுங்க, ‘டக்’னு கேட்கணும். கேட்டா அடைப்பு எண்ணெய்ப் பாதையில. கேட்கலேன்னா சோலினாய்டே போயிடுச்சு.

அடுத்து கம்ப்ரஷன். என்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளியே, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிச்சு, திராட்டில் முழுசாத் திறந்து சுத்துங்க. நாலு சிலிண்டருக்கும் நடுவுல வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்க. ஏறினா ரிங் தேய்ஞ்சிருக்கு, ஏறலேன்னா வால்வுப் பக்கம். டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் மூணையும் ஒரே தடவையா மாத்திடுங்க. பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல முட்டி வளையும். ரெட்லைன்ல அறுந்தா ஹெட்டை மறக்கவேண்டியதுதான்.

வேலு அண்ணன் கேட்ட வழி சிஎஃப்இ. பிரேவே, சுப்ரிமா, எக்ஸோரால வந்த டர்போ என்ஜின். 138 குதிரை, 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 ஆர்பிஎம்லேருந்தே. சிபிஎஸ்ல பிஸ்டன் ஓட்டம் 88 மில்லிமீட்டர், கம்ப்ரஷன் 10. சிஎஃப்இல 86, கம்ப்ரஷன் 8.9. சிலர் செலவு மிச்சம்னு சிபிஎஸ் என்ஜின் மேலேயே டர்போ மாட்டிடுறாங்க. 10 கம்ப்ரஷன்ல அழுத்தம் ஏத்தினா, ரோன் 95 பெட்ரோல்ல என்ஜின் தட்டும், பிஸ்டன் ரிங் மேடு உடையும். அதுக்கு முழு சிஎஃப்இயை இறக்குறதே மேல்.

4ஜி93_வேலு:
பாலன், அந்த மேலுக்கு என்ன விலைன்னும் சொல்லு. கெடாய் போத்தோங்ல கிடைக்கிற சிஎஃப்இ பெரும்பாலும் சிவிடிங்கிற ஆட்டோ கியர்பாக்ஸோட வரும். மேனுவலுக்கு ஃப்ளைவீல், கிளட்ச், வயரிங், ஈசியு (என்ஜின் கணினி) அத்தனையும் வேணும். ஆயில் கூலர் ஹோஸ் விறைச்சுப்போய் வெடிக்கிறது அந்த என்ஜினோட தெரிஞ்ச நோய். எண்ணெய் ஒழுகி முடிஞ்சதும் டர்போவும் பேரிங்கும் சேர்ந்து போகும். பழைய என்ஜினை ஹோஸ் மாத்தாம இறக்கவே கூடாது. என்ஜின் மாத்தினா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, கிரான்ல, அதான் கார் பதிவுச் சான்றிதழ்ல, புது என்ஜின் எண். அது இல்லாம சடக்குல ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா காப்பீட்டுக்காரன் கைவிரிச்சுடுவான்.

போமன்_பாலன்:
நீங்க சொல்ற ஜிஎஸ்ஆர் டர்போவுக்கும் அதே ஜேபிஜே, அதே புஸ்பாகோம்தானே அண்ணே. 180 குதிரைக்கு ட்யூன் பண்ணின சிஎஃப்இ, மொத்தம் 1270 கிலோ. உங்க கணக்கிலேயே போட்டுப் பாருங்க, 14.5 வருது. அசல் இன்ஜெக்டர் போதாது. ஒரு குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், நாலு இன்ஜெக்டர், 80 விழுக்காடு திறப்புன்னு கணக்குப் போட்டா ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 354 சிசி, 380 வாங்குங்க. முழு மிதியில காத்து-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம், பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர், ரோன் 97.

கேரித்தீவு_குமரன்:
பாலன் அண்ணே, 14.5 ஆசையைத் தூண்டுது. ஆனா நான் முதல் கட்டத்துல சிபிஎஸ்ஸையே வெச்சுக்கணும்னுதான் சொல்வேன். சோதனை, பெல்ட், மவுண்ட், 15 அங்குல செமி-ஸ்லிக், எடை. இதெல்லாம் பிறகு சிஎஃப்இ இறக்கினாலும் வீணாகாது.

4ஜி93_வேலு:
அந்த வரிசையை ஒத்துக்கிறேன், காரை இல்ல. அதே செலவை ஜிடிஐல போடு, முதல் கட்டத்துலயே 15-ஐத் தொடும்.

போமன்_பாலன்:
துரு இல்லாத ஜிடிஐ கிடைச்சா, அண்ணே. பின்சக்கர ஆர்ச், ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனோட மேல்முனை மாட்டுற இடம்), மிதிக்கட்டை அடி: இந்த மூணு இடத்தையும் காந்தம் வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. காந்தம் ஒட்டலேன்னா பெயிண்டுக்கு அடியில புட்டிதான். ஸ்ட்ரட் டவர் இளகின கார்ல கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) நிக்காது, கலா அக்கா சொன்ன டயர் அழுத்தத்தை எத்தனை தடவை மாத்தினாலும் கார் நேரா கிளம்பாது.