கல்நார் நோய்: நீட்டும் தொகைக்குக் கையெழுத்திடுவதா, வழக்குப் போடுவதா?

தறியோசை:
கப்பல் தளமோ, கொதிகலன் அறையோ, பிரேக் பட்டறையோ, வேலையிடத்தில் கல்நார்த் தூசியை (ஆஸ்பெஸ்டாஸ்) சுவாசித்து நோய் வந்தவரிடம் கம்பெனியின் காப்பீட்டுத் தரப்பு ஒரு செட்டில்மென்ட் பத்திரம் நீட்டும். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது என்கிறேன். ஆஸ்பெஸ்டோசிஸுக்கு (கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்) இன்று வாங்கும் பணம், பின்னால் புற்றுநோய் வந்தால் கேட்க வழியில்லாமல் செய்துவிடும்.

கதிரொளி:
ஒப்புக்கொள்ள முடியாது. மீசோதீலியோமா (கல்நாரால் பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்கள். வழக்கு அதைவிட நீளும். தூசி உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் நோய் தலைகாட்டுகிறது, அதற்குள் கம்பெனியே இருக்காது. அமெரிக்காவில் கல்நார்ப் பொருள் தயாரித்த ஜான்ஸ்-மேன்வில் கம்பெனி 1982-இல் திவால் மனு போட்டது. பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் 1988-இல்தான் வந்தது. கைக்கு வரும் பணத்தை விட்டுவிட்டு எதற்காகக் காத்திருப்பது?

தறியோசை:
அந்த நிதியம் ஒவ்வொரு நோய்க்கும் குறித்து வைத்த அட்டவணைத் தொகையில் ஒரு பங்கைத்தான் தருகிறது, அதையும் சொல்லுங்கள். கம்பெனி மூடிவிட்டால், நோயாளி வேலை பார்த்த ஆண்டுகளில் அதற்குத் தொழிலாளர் காப்பீடு கொடுத்தது யார் என்று தேட வேண்டும். பல முதலாளிகளிடம் வேலை செய்தவர் "யாருடைய தூசி" என்று நிரூபிக்க முடியாதே என்பார்கள். பிரிட்டனில் ஃபேர்சைல்ட் வழக்கு (2002) அதற்கு விடை சொல்லிவிட்டது: ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொரு முதலாளியும் பொறுப்பாளி. மீசோதீலியோமாவுக்கு முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்று 2006-இல் சட்டமே போட்டார்கள்.

நீலவானம்:
இரண்டு பேரும் நோய் எது என்பதைத் தாண்டிப் போகிறீர்கள். மீசோதீலியோமாவுக்குப் புகைப்பழக்கம் காரணமில்லை, அந்த வாதம் அங்கே எடுபடாது. நுரையீரல் புற்றுநோயில்தான் எதிர்த்தரப்பு சிகரெட்டைக் கையில் எடுக்கும். அங்கே மருத்துவ நிபுணர்கள் வகுத்த ஹெல்சிங்கி அளவுகோல் (1997) உதவும்: 25 நார்-ஆண்டு, அதாவது ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஒரு நார் வீதம் 25 ஆண்டு, ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். நுரையீரல் உறையில் வெறும் தழும்புத் தகடு மட்டும் இருந்தால் இங்கிலாந்தில் 2007 தீர்ப்புப்படி இழப்பீடு இல்லை. ஸ்காட்லாந்து 2009-இல் தனிச்சட்டம் போட்டு அதற்கும் கொடுத்தது.

இன்னொன்று, நெஞ்சில் கோத்த நீரை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். திசு பயாப்சியும் கால்ரெட்டினின், டபிள்யூடி-1 என்ற புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகளும் வேண்டும். மெழுகில் பதித்த திசுக்கட்டியை அழிக்கக்கூடாது என்று ஆய்வகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அது தொலைந்தால் எதிர்த்தரப்பு நிபுணர் எழுப்பும் சந்தேகத்தைத் தீர்க்கக் கையில் எதுவும் இருக்காது.

கதிரொளி:
இதில் எனக்கு மறுப்பில்லை. எந்த வழியில் போனாலும் நோயாளி பேச முடிகிறபோதே வாக்குமூலத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். "கல்நார் இருந்தது" என்றால் போதாது. ஆண்டுவாரியாக: குழாய்மேல் சுற்றிய உறையா, கயிறா, கேஸ்கெட்டா, அறுத்தாரா, உலர்ந்த பொடியைக் கலந்தாரா, மிச்சத்தைக் காற்றடித்து ஊதினார்களா, எத்தனை அடி தூரத்தில் நின்றார், பக்கத்தில் யார் இருந்தார். சம்பளச் சீட்டோ சங்க அட்டையோ, கூட வேலை செய்த இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து வையுங்கள். நிதியத்துக்குக் கொடுத்த தேதியும் கோர்ட்டில் சொன்ன தேதியும் மாறினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வார்.

தறியோசை:
வழக்குப் போடுவதற்கான காலவரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஓராண்டே தரும் மாநிலமும் உண்டு. ரிப்போர்ட் வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

கதிரொளி:
சரி, ஆஸ்பெஸ்டோசிஸ் பத்திரத்தில் "பின்னால் வரும் புற்றுநோய்க்கான உரிமை இதில் அடங்காது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். மீசோதீலியோமாவில் அதற்கும் மேல் என்ன நோய் வரப் போகிறது? நியாயமான தொகை என்றால் வாங்கட்டும்.

தறியோசை:
அங்கே குடும்பத்தின் உரிமை இருக்கிறது. நோயாளி உயிரோடிருக்கும்போது முழுத்தீர்வு எழுதிவிட்டால், இறந்த பிறகு மனைவி மக்கள் தனியாகக் கேட்கும் இழப்பீடு இங்கிலாந்தில் போய்விடும். ஸ்காட்லாந்தில் 2007-இல் மீசோதீலியோமாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அவரவர் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பத்திரத்தைத் தொடக்கூடாது. அதற்கு ஒரு வாரம் போதும்.