மாலத்தீவு: இறங்கும் அன்றே ரிசார்ட்டுக்குப் போக முடியாதாம். அவசரம்!

அவிநாசி வாசி:
வணக்கம். அப்பா அம்மாவுடன் மாலத்தீவு போகிறேன். டிக்கெட், அறை இரண்டுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. இன்று ரிசார்ட்டிலிருந்து, நாங்கள் இறங்கும் நாளில் எங்களைத் தீவுக்கு அழைத்துப்போக முடியாது என்று பதில் வந்திருக்கிறது. காரணம் சொல்லவில்லை. ரத்து செய்வதா வேண்டாமா? இன்று இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல் கரை:
எந்தத் தீவு? எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்?

மஞ்சள் மண்டி:
வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கும். அங்கே வார விடுமுறை வெள்ளி. அரசுப் படகுகள் பெரும்பாலும் அன்று ஓடுவதில்லை. மாஃபுஷி தீவுக்குப் போன என் பங்காளி அப்படித்தான் தலைநகர் மாலேயில் தங்க வேண்டியதாயிற்று. கிழமையை மாற்றுங்கள்.

சிறுவாணி:
எனக்குக் கடல் கொந்தளிப்பு என்று தோன்றுகிறது. மே தொடங்கி அக்டோபர் வரை அங்கும் தென்மேற்குப் பருவமழைதான். எந்த மாதம் போகிறீர்கள்?

மூத்த பயணி:
தம்பி, மாலத்தீவு என்பது ஓர் ஊர் அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள், வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. தீவின் பெயரையே சொல்லாமல் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது? பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். இதை இங்கே பலருக்கும் சொல்லிவிட்டேன்.

அவிநாசி வாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் இருக்கிறது ரிசார்ட். ஜனவரி, சனிக்கிழமை. இரவு 7.10க்கு இறங்குகிறோம். அங்கிருந்து கடல் விமானம், அதற்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன்.

நொய்யல் கரை:
இதுதான் காரணம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தண்ணீரைக் கண்ணால் பார்த்து இறக்க வேண்டும், விளக்கு போட்ட ஓடுபாதை கிடையாது. அங்கே ஆறு மணியையொட்டிப் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்கும்படி ரிசார்ட்டுகள் கேட்கின்றன. டிக்கெட்டில் இருப்பது அந்த ஊர் நேரம், நம்மைவிட அரை மணி பின்தங்கியது.

ரத்து செய்ய வேண்டாம். விமான நிலையத்திலிருந்து பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே என்ற தீவுக்குத் தரைவழியே பஸ்ஸும் டாக்ஸியும் போகின்றன, படகு தேவையில்லை. அன்றிரவு அங்கே தங்குங்கள். மறுநாள் காலைக் கடல் விமானத்தில் இடம் வேண்டும் என்று இன்றே ரிசார்ட்டுக்கு எழுதுங்கள். இன்னொரு வழியும் உண்டு. பா அட்டோலில் தரவந்தூ என்ற தீவில் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் ரிசார்ட்டின் படகு வந்து அழைத்துப்போகுமா என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்களை இருட்டில் படகில் ஏற்றி இறக்குவதைவிட ஹுல்ஹுமாலேயே மேல் என்பது என் எண்ணம்.

மஞ்சள் மண்டி:
எந்த வழியாகப் போகிறீர்கள்? பெங்களூருவில் விமானம் மாறினால் இந்தத் தொல்லைதான். நெடும்பாசேரியிலிருந்து, அதாவது கொச்சி விமான நிலையத்திலிருந்து, நேராகப் போங்கள்.

சிறுவாணி:
நெடும்பாசேரியா? வாளையாறு தாண்டி, பாலக்காடு தாண்டி, திருச்சூருக்கு அப்பால் பாலப் பணி நடக்கும் இடத்தில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். கோவையில் ஏறி பெங்களூருவில் மாறுவதுதான் நிம்மதி.

மஞ்சள் மண்டி:
நீங்கள் அந்த வழியில் குதிரான் மலை ஏறி இறங்கிய காலத்தைப் பேசுகிறீர்கள். 2021லேயே அங்கே சுரங்கப்பாதை திறந்தாகிவிட்டது. சாலையே வேண்டாம் என்றால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ ரயில் ஏறி, நெடும்பாசேரிக்குப் பக்கத்து ஆலுவாயில் இறங்கலாம். பெங்களூரு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குக் கட்டிய பணம் போயிற்று. யார் திருப்பித் தருவார்கள்?

சிறுவாணி:
ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அந்தக் கவலை இல்லை. சுரங்கத்தைத் தாண்டினால் பயணம் முடிந்துவிடுமா? நெரிசலே அதற்கு அப்புறம்தான்.

மூத்த பயணி:
இருவரும் வேறிடத்தில் பேசுங்கள். தம்பி கேட்டது மாலேயில் இறங்கிய பிறகு என்ன என்பதை. தம்பி, கவனியுங்கள். கடல் விமானத்தில் பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான், மிஞ்சினால் தனிக் கட்டணம். விசா இறங்கியதும் இலவசம். ‘இமுகா’ என்ற இணையவழிப் பயணிப் படிவத்தைப் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. 2025 முதல் ரிசார்ட்டுகளில் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். உங்கள் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அவிநாசி வாசி:
மிக்க நன்றி. அம்மா சிறிய முருகன் சிலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். தைப்பூசம் அங்கேயே வருகிறது. கொண்டுபோகலாமா?

நொய்யல் கரை:
வேண்டாம். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அந்நாட்டில் தடை உண்டு, சுங்கத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் அதே விதிதான். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ப் பிடுங்கப்பட்டால் மனம் நோவார்.

சிறுவாணி:
நம் துணைக்கு ஒரு சிறு சிலை. அதையும் தடுப்பது நியாயமா?

மூத்த பயணி:
அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். அதற்குக் கட்டுப்பட்டுத்தான் போக வேண்டும்.

அவிநாசி வாசி:
ரிசார்ட்டில் பேசிவிட்டேன். காலைக் கடல் விமானத்தில் இடம் தந்துவிட்டார்கள். ஹுல்ஹுமாலேயில் அறையும் எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

மஞ்சள் மண்டி:
கடைசிவரை எந்த வழியாகப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே?

காங்கயம் காளை:
நாங்களும் பிப்ரவரியில் போகிறோம். அங்கே நம் பிளக் பொருந்துமா?

நொய்யல் கரை:
பெரும்பாலும் சதுர முள் மூன்று கொண்ட பிளக்தான். அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாவது தீவின் பெயரையும் இறங்கும் நேரத்தையும் முதலிலேயே எழுதுங்கள்.