முதல் அல்பத்திலேயே ஒரு போர்: வன்னியில் ‘என்ட்ரோப்பியா’ கேட்டவர்கள் எழுதுகிறார்கள்

கிளிநொச்சியிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

ரொக் பாண்டுகள் பெரும்பாலும் முதல் அல்பத்தில் கையிலிருக்கும் பாட்டுகளை எல்லாம் அள்ளிப் போட்டு நிரப்பிவிடுவார்கள். முழு அல்பத்தையும் ஒரே கதையாகச் செய்யும் ஆசை, பெயரும் காசும் வந்த பிறகுதான் வரும். சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா நகரத்துப் ‘பெயின் ஒஃப் சல்வேஷன்’ அதுவரை பொறுக்கவில்லை. டானியல் கில்டன்லோ 11 வயதில், 1984இல், தொடங்கிய பாண்ட் அது. அப்போது பெயர் ‘ரியாலிட்டி’. முதல் அல்பம் ‘என்ட்ரோப்பியா’ வெளிவர 1997 ஆகிவிட்டது. கற்பனை நாடு ஒன்று, அங்கே ஒரு போர், அதில் சிதறும் ஒரு குடும்பம். 13 பாட்டும் சேர்ந்து இந்த ஒரு கதைதான்.

அறிவியல் நகரில் படித்தபோது சீனியர் அண்ணா ஒருவர் மெமரி கார்டில் போட்டுத் தந்தார். பாட்டுகளுக்கு இலக்கம் இல்லை. என் போன் எல்லாவற்றையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டது. முன்னுரைப் பாட்டின் பெயர் வெறும் ஆச்சரியக்குறியில் தொடங்குவதால் அது மட்டும் தன் இடத்தில் நின்றது. மூன்றாவதாகவே ‘லீவிங் என்ட்ரோப்பியா’ வந்துவிட்டது. உண்மையில் அல்பத்தின் கடைசிப் பாட்டு அது! இரண்டாவதாக இருக்கவேண்டிய ‘வெல்கம் டு என்ட்ரோப்பியா’ 12ஆவதாகப் போய், அதற்கும் பின்னால் ‘வின்னிங் எ வார்’. ஆக, எனக்குக் கிடைத்த கதையில் சனம் முதலில் ஊரைவிட்டுக் கிளம்பியது, நெடுநேரம் அலைந்தது, பிறகு யாரோ வரவேற்றார்கள், கடைசியில் போரை வென்றாயிற்று என்று அறிவித்தார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்தவனுக்கு அந்த வரிசையில் என்ன பிழை தெரியும்?

உங்கள் கைக்கு அது எப்படி வந்தது, எங்கே இருந்து கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

1997 என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் மே 13ஆம் திகதிதான் ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து வடக்கே கண்டி வீதியைப் பிடிக்க ஆமி வெளிக்கிட்டு, அடுத்த வருடக் கடைசி வரைக்கும் இழுபட்டது. அந்தக் காலத்தில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கசற் ஓடவிடுவோம். கையால் பெடலைச் சுற்றுகிறவன் களைத்தால் பாடகரின் குரலும் கூடவே இறங்கி, எருமை கத்துவது மாதிரிப் போகும். “சுத்தடா!” என்று ஒருவர் கத்தினால் திரும்ப ஏறும். அப்படிக் கேட்டவர்களுக்கு எந்தப் பாட்டும் முழுதாய்க் கிடைத்ததில்லை.

‘என்ட்ரோப்பியா’ எங்களிடம் வந்தது 2003இல். ஏ9 என்கிற அந்தக் கண்டி வீதி திறந்திருந்த காலம், சுவிஸிலிருந்து மச்சான் வந்திருந்தான். சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இந்தச் சீடி. உறவினர் ஒருவரின் தொலைபேசிக் கடையில், ஜெனரேற்றர் ஓடும் நேரம் பார்த்துப் போட்டோம். சத்தமான பாட்டுகளுக்கு ஜெனரேற்றரால் ஒரு குறையும் இல்லை, அதுவும் சேர்ந்து வாசித்தது. ‘ஒப்லிவியன் ஓஷன்’ மெதுவான பாட்டு. அதற்குத்தான் பெரிய இடைஞ்சல்.

அம்மா வாசலில் நின்று கேட்டா: “என்னடா சொல்லுறான் அவன்?”

மச்சான் சொன்னான்: “சண்டையில குலைஞ்ச ஒரு குடும்பத்தின்ர கதை, மாமி.”

“அதுக்கேன் இப்பிடிக் கத்துறான்? அழுதிருக்கலாமே.”

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. சீடி 2009இல் மற்றச் சாமான்களோடு போனது. எந்த இடத்தில் விட்டோம் என்றுகூட நினைவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எனக்கு ஒட்டவில்லை. சுவீடன் கடைசியாகப் போர் செய்தது 1814இல். அந்த நாட்டுப் பொடியன் ஒருவன் இல்லாத நாட்டுக்கு இல்லாத போர் ஒன்றை எழுதுகிறான், நாங்கள் இங்கேயிருந்து ஆகா என்கிறோம். ஒரு குடும்பம் குலைவதைச் சொல்ல நிமிடத்துக்கு ஒரு தாளம் மாற்ற வேண்டுமா? வாசிக்கத் தெரியும் என்று காட்டுவதற்கான வேலையாகவே எனக்குப் படுகிறது. அம்மா சொன்னதுதான் சரி.

முள்ளியவளையிலிருந்து:

நீளமான கதையைப் பாட்டாலேயே சொல்வது நமக்குப் புதிதா என்ன? எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்து விடிய விடிய நடக்கும். அதுவும் குலைந்த குடும்பத்தின் கதைதான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை என்று சொல்லுகிற ஊர்க்காரர் நாங்கள். கூத்தில் கட்டியகாரன் முதலில் வந்து யார் வரப்போகிறார்கள் என்று கூறிவிடுவான். இந்த அல்பத்தின் முன்னுரைப் பாட்டைக் கேட்டபோது எனக்கு அவன்தான் நினைவுக்கு வந்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கூத்துப் பார்க்கிற சனத்துக்கு முடிவு முன்பே தெரியும். பாயில் தூங்கிப்போன பிள்ளைகூட நடுச்சாமத்தில் எழும்பி, கோவலன் இப்போது சிலம்பு விற்கப் போகிறான் என்று தெரிந்துகொள்ளும். ‘என்ட்ரோப்பியா’ அப்படி இல்லை. பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்து கேட்க வேண்டும். நான் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரும் பஸ்ஸில் போனில் வரிகளை வாசித்தபடிதான் கேட்டேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று, சனம் இடம்பெயர்ந்து போன அதே வழியில் வருகிற பெயர்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். வெளியே பார்ப்பதா, வரிகளைப் பார்ப்பதா என்று இருந்தது.

வவுனியாவிலிருந்து:

நான் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிற்றார். உங்களுக்கெல்லாம் கதை, எனக்கு கிறிஸ்தோபர் கில்டன்லோ. டானியலின் தம்பி, அல்பத்தில் பேஸ் அவருடையது. ‘பீப்பிள் பாஸிங் பை’ பாட்டைக் கவனமாகக் கேளுங்கள். கம்பியைப் பெருவிரல் எலும்பால் அடித்து, சுட்டுவிரலால் கொளுவி இழுத்து விடுகிற வாசிப்பு. திருவிழாவில் அப்படி வாசித்தால் சவுண்ட் சிஸ்டக்காரர் ஓடி வந்து வயர் கழன்றுவிட்டதா என்று பார்ப்பார்.

‘ஸ்ட்ரெஸ்’ பாட்டை எங்கள் ட்ரம்ஸ் பொடியனோடு முயன்றோம். எண்ணிக்கொண்டு வாசித்தால் பாட்டு செத்துப்போகிறது, எண்ணாவிட்டால் நாங்கள் செத்துப்போகிறோம். கடைசியில் தவில் வாசிக்கிற அண்ணைதான் காப்பாற்றினார். ஒருமுறை கேட்டார், கண்ணை மூடினார், “இதிலென்ன கிடக்கு” என்று தகதிமி, தகிட, தக என்று துண்டு துண்டாகச் சொல்லிக் காட்டினார். சொற்கட்டாக வாயில் வந்தபிறகு கையும் வந்துவிட்டது.

புதுக்குடியிருப்புக்காரர் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். சில இடங்களில் வித்தைதான். ஆனால் ‘ஸ்ட்ரெஸ்’ தலைப்பைப் பாருங்கள். காலால் தாளம் போட்டு நிம்மதியாக இருக்க முடியாதபடி செய்ததே அந்தப் பாட்டின் வேலை. நேரான தாளத்தில் அதைச் சொல்லியிருந்தால் நாம் கைதட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

மறுபடியும் கிளிநொச்சி:

1814 சரிதான், மறுக்கவில்லை. ஆனால் டானியல் பாட்டோடு மட்டும் நின்றவர் இல்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் விரல்ரேகை கொடுக்கவேண்டும் என்று விதி வந்தபோது அதற்கு உடன்படாமல், தான் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த ‘ஃப்ளவர் கிங்ஸ்’ பாண்டையே 2005இல் விட்டுவிட்டார். பேச்சுக்காக எழுதுகிறவர் இப்படிச் செய்யமாட்டார்.

மறுபடியும் புதுக்குடியிருப்பு:

நல்ல விஷயம், தெரிந்திருக்கவில்லை. ஆனால் தம்பி, மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்க அவருக்கு ஒரு வீடு இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டமாட்டேன் என்று நாங்கள் நின்றிருந்தால் ஆச்சியை எப்படி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பது? சரி, ஆளில் எனக்குக் கோபம் இல்லை. அல்பம்தான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் அரைவாசியைக் குறைத்திருந்தால் நானும் உங்கள் பக்கம் வந்திருப்பேன்.